அடுத்த வீட்டு மூச்சும் நம் பொறுப்பு

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுப் பின்புறம் குப்பையைக் கூட்டித் தீ வைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பண்டார் பாரு பட்டணத்தில் இருப்பவர்களுக்கும், செர்டாங் தாமான்களில் குடியிருப்பவர்களுக்கும், ரெலாவ், சுங்கை பத்து பக்கத் தோட்டங்களில் இன்னும் மிச்சமிருப்பவர்களுக்கும் என் முதல் வேண்டுகோள் இதுதான். சொல்ல வேண்டியவை பல உண்டு. ஆனால் தீக்குச்சி நம் கையில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கெடாவில் ஆண்டின் முதல் மூன்று மாதங்கள் வறட்சிக் காலம். லாலாங் காய்ந்து சருகாகும். செம்பனை மட்டைகள் முறுகிக் கிடக்கும். அந்த நாட்களில் சாயங்காலம் மோட்டாரில் போனால் நாலு இடத்திலாவது புகை எழும். இலை தழைதானே எரிகிறது என்பார்கள். குவியலைக் கிளறிப் பாருங்கள். நெகிழிப் பை, சோறு வாங்கி வந்த வெள்ளை நுரைப்பெட்டி, குழந்தையின் பேம்பர்ஸ், பழைய ஒயர், கிழிந்த மழைக்கோட்டு எல்லாம் அதற்குள் இருக்கும். தணிந்த நெருப்பில் இவை புகைந்து வேகும்போது, ஒயரின் மேலுறையும் பிவிசி குழாய்த் துண்டும் டையாக்சின் என்ற நஞ்சை வெளிவிடும். காற்றோடு அது போய்விடாது. மண்ணில் தங்கும். வீட்டுக் கோழி கொத்தும் மண்ணிலிருந்து முட்டைக்கு வரும். தாயின் உடற்கொழுப்பில் சேர்ந்து தாய்ப்பாலுக்கும் வரும்.

புகையோடு கிளம்பும் நுண்துகளைக் கண்ணால் பார்க்க முடியாது. தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் அது. மூக்கு தடுக்காது, தொண்டை தடுக்காது. நுரையீரலின் அடிவரை இறங்கி இரத்தத்தில் கலக்கும். இருமலும் மூச்சிரைப்பும் நமக்குத் தெரியும். அதே துகள் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி செய்கிறது என்பதை நம்மில் பலர் அறியோம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தன் அளவுகோலை இறுக்கியது. இந்த நுண்துகள் ஆண்டுச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று சொன்னது. வெளிக்காற்றின் மாசும் வீட்டுக்குள் இருக்கும் புகையும் சேர்ந்து உலகில் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் பேரை அகாலத்தில் கொண்டுபோகின்றன என்பதும் அந்த நிறுவனத்தின் கணக்குதான்.

சாயங்காலத் தீ இன்னும் மோசமானது. தரை குளிரத் தொடங்கும், காற்று அடங்கிவிடும். அப்போது புகை மேலே எழாமல் தாழப் படரும். வரிசை வீடுகளில் ஏர்கோன் இல்லாதவர்கள் சன்னலைத் திறந்து வைத்திருக்கும் நேரம் அது. உள்ளே யார் இருக்கிறார்கள்? தமிழ்ப்பள்ளி விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதும் ஆஸ்துமாக் குழந்தை இருக்கிறது. டயாலிசிஸ் முடித்து வந்து படுத்திருக்கும் தாத்தா இருக்கிறார். ஏழு மாத வயிற்றோடு சமைக்கும் பெண் இருக்கிறாள். இவர்கள் யாரும் உங்கள் வாசலுக்கு வந்து சண்டை போடமாட்டார்கள். பக்கத்து வீடாயிற்றே, நல்லது கெட்டதுக்கு முகம் பார்க்க வேண்டுமே என்று சன்னலைச் சாத்திக்கொள்வார்கள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நாம் எடுத்துக்கொண்டோம். அதுதான் குற்றம்.

சட்டம் ஒன்றும் இதை விட்டுவைக்கவில்லை. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைக் குற்றமாக்கி, 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதித்தது. 2024ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனையை மேலும் கடுமையாக்கியது. ஆனால் அபராதத்துக்குப் பயந்து நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அதிகாரி வராத ஊரில் அந்தப் பயம் எத்தனை நாள் நிற்கும்? அடுத்த வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதை நினைத்து நிறுத்துங்கள்.

புகைமூட்டம் வரும்போது மட்டும் நாம் எல்லாரும் காற்றைப் பற்றிப் பேசுகிறோம். 1997இல் பேசினோம். 2013இல் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது பேசினோம். 2015இலும் 2019இலும் பேசினோம். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிச்சதுப்பு நிலத்துக்கு வைத்த தீதான் காரணம் என்று கோபப்பட்டோம். நியாயமான கோபம். 2015ஆம் ஆண்டுப் புகையால் மலேசியாவில் மட்டும் சுமார் 6,500 பேர் அகாலத்தில் இறந்திருக்கலாம் என்று ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறு ஆண்டு மதிப்பிட்டார்கள். கடல் தாண்டி வரும் புகைக்கு அவ்வளவு ஆத்திரப்பட்ட நாம், நம் கொல்லைப் புகைக்கு வேறு நியாயம் வைத்திருப்பது எந்த வகையில் சரி? அங்கே காட்டைத் திருத்தத் தீ வைத்தவனுக்கும் அது மலிவான வழியாகத்தான் இருந்தது. நமக்கும் மலிவான வழியாகத்தான் இருக்கிறது.

இந்த மண்ணின் தோற்றம் மாறும்போதெல்லாம் அதன் விலையை யாரோ ஒருவரின் உடம்பு கொடுத்திருக்கிறது. தமிழர்களாகிய நாம் இதை மறக்கக்கூடாது, ஏனென்றால் முதலில் கொடுத்த உடம்பு நம்முடையது. மலாயாவில் ரப்பருக்காகக் காட்டை அழித்த காலத்தில் தோட்டங்களில் மலேரியா ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயிற்று. 1901இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதைக் கூர்ந்து பார்த்தார். கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் குறைந்தது. அதே வேலையை மலைச்சரிவில் செய்தபோது காய்ச்சல் ஏறியது. காரணம் கொசு இனத்தில் இருந்தது. சமவெளியின் கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும். மலைப்பக்கத்துக் கொசுவுக்கு வேண்டியது வெயில் படும் தெளிந்த ஓடை. மரங்களை வெட்டியபோது ஓடைகளின் மேல் வெயில் விழுந்தது. அந்தக் கொசுவுக்கு அரண்மனை கட்டிக் கொடுத்தது போலாயிற்று. பக்கத்து லயத்தில் படுத்திருந்தவர்கள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர்.

1909இல் கெடா சயாமின் பிடியிலிருந்து ஆங்கிலேயர் மேற்பார்வைக்கு மாறியது. அதற்குப் பின் இங்கேயும் ரப்பர் விரிந்தது. காட்டை வெட்டச் சொன்னவன் இலண்டனில் இருந்தான். வெட்டியவன் இங்கே குளிர்காய்ச்சலில் நடுங்கிச் செத்தான். அன்று அவனுக்குத் தேர்வு இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது இரண்டாவது விலை. இந்த மாற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பால்வெட்டு விடியும் முன்னே தொடங்கும் வேலை. வெயில் ஏறும்போது பால் சேர்த்து முடித்துவிடுவார்கள். தலைக்கு மேல் மரநிழலும் உண்டு. செம்பனையில் குலை வெட்டுவதும், உதிரிப் பழம் பொறுக்குவதும், உரம் போடுவதும் பகல் வேலை. மறுநடவு செய்த நிரையில் ஒதுங்க ஒரு கை நிழல் கூடக் கிடையாது. புல்லை அடக்க மருந்து அடிப்பது பெண்களின் வேலையாயிற்று. முதுகில் தோம்பைக் கட்டிக்கொண்டு, பல தோட்டங்களில் கையுறையும் முகமூடியும் இல்லாமல், நாள் கணக்கில் பாராக்குவாட் அடித்தவர்கள் நம் அம்மாமார்கள்.

பாராக்குவாட் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மிடறு உள்ளே போனால் மாற்று மருந்து கிடையாது. நுரையீரல் இறுகி ஆள் போய்விடுவார். தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் புண், நகம் அழுகி விழுதல், மூக்கில் இரத்தம், கண் எரிச்சல். இவற்றையெல்லாம் 2002இல் தெனாகனித்தா அமைப்பு தோட்டத்துப் பெண்களிடமே கேட்டுப் பதிவு செய்து ஆய்வாக வெளியிட்டது. ஐரீன் பெர்னாண்டஸ் வழிநடத்திய அமைப்பு அது. அதே 2002இல் அரசாங்கம் பாராக்குவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் அந்த முடிவைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. சுவிட்சர்லாந்து 1989இலேயே தடை செய்துவிட்டது. முப்பத்தோரு ஆண்டு இடைவெளி. சுவிட்சர்லாந்துக்காரரின் தோலுக்கு ஆகாதது எங்கள் அம்மாவின் தோலுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று அன்று உரக்கக் கேட்டவர்கள் மிகச் சிலர். கிராணிமார்களும், படித்து வெளியேறிய பிள்ளைகளும், சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர்களில் பலரும் கேட்கவில்லை.

இன்று அதே நிரையில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். வங்காளதேசத்துப் பையன், இந்தோனேசியப் பெண், நேபாளி. வேறு மருந்துகள், அதே தோம்பு. அவர்களுக்கு மேலே மண்டோராகவும், குத்தகைக்கு வேலை எடுப்பவராகவும், லாரி வைத்திருப்பவராகவும் பல இடங்களில் நம் ஆள் இருக்கிறார். அண்ணன்மார்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். உங்கள் அம்மா கையுறை இல்லாமல் அடித்தார் என்பது அந்தப் பையனும் அப்படியே அடிக்கலாம் என்பதற்குக் காரணமாகாது. அவனை அப்படி அடிக்க விடக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். மருந்துக் கலனில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை அவன் மொழியில் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். காற்று எதிர்த்து வீசினால் அன்றைக்கு அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலை முடிந்து குளிக்கத் தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். காலி மருந்துக் கலனை யாரும் தண்ணீர் பிடிக்க எடுத்துப் போக விடாதீர்கள். மிச்ச மருந்தை வாய்க்காலில் ஊற்ற விடாதீர்கள். அந்த வாய்க்கால் கெரியான் ஆற்றுக்குப் போகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் பாரிட் புந்தார், கீழே நிபோங் திபால். எல்லைக்கோடு ஆற்றின் நடுவில் ஓடுகிறது என்பதற்காகத் தண்ணீர் கெடா, பேராக், பினாங்கு என்று பிரிந்து ஓடுவதில்லை.

வெயிலைப் பற்றியும் உங்களிடமே பேச வேண்டியிருக்கிறது. உலக வானிலை அமைப்பின் கணக்கில் 2024தான் அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து மிக வெப்பமான ஆண்டு. தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட ஏறக்குறைய 1.55 பாகை கூடுதல். ஒன்றரைப் பாகைதானே என்று தள்ளிவிடாதீர்கள். அது உலகம் முழுவதன் சராசரி. நம் வட மாநிலங்களில் அது எப்படி வந்து விழுகிறது என்பதை 2016 ஏப்ரலில் பார்த்தோம். பெர்லிஸ் முழுவதிலும், கெடாவில் பெண்டாங், குபாங் பாசு மாவட்டங்களிலும் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. வெப்பம் 37 பாகையைத் தாண்டி நின்றது. பள்ளிப் பிள்ளைகளை வீட்டில் வைத்தார்கள், சரி. அன்று செம்பனைக் குலை வெட்டியவனை யார் நிழலில் உட்கார வைத்தார்கள்? டன் கணக்கில் கூலி வாங்குகிறவன் தானாக உட்காரமாட்டான். உட்கார்ந்தால் அவனுக்குச் சம்பளம் குறையும். ஆகவே உட்காரச் சொல்வதும், அந்த நேரத்துக்கும் கூலியைக் குறைக்காமல் இருப்பதும் வேலை வாங்குகிறவரின் கடமை. தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2016இலேயே வெப்ப அழுத்தத்தைப் பற்றி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. நிழல், குடிநீர், இடைவேளை, புதிதாக வந்தவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலைப் பழக்குதல். இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை.

உடம்பு சூடாகும்போது என்ன நடக்கிறது? வியர்வை கொட்டி உடம்பில் நீர் வற்றும், இரத்தம் கெட்டியாகும், சிறுநீரகத்துக்குப் போகும் ஓட்டம் குறையும். இது நாள்தோறும் நடந்தால் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெட்டுப் போகும். மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில், சர்க்கரை நோயும் இல்லாத, கொதிப்பும் இல்லாத இளைஞர்கள் சிறுநீரகம் பழுதாகி இறந்ததை ஆராய்ந்தவர்கள், வெயிலில் ஓயாத கடும் உழைப்பும் நீர் வற்றிய உடம்பும் அதற்கு முக்கியக் காரணங்கள் என்கிறார்கள். தமிழ்நாட்டு உப்பளங்களிலும் வெப்பத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பை ஆய்ந்திருக்கிறார்கள். இனி நம் சமூகத்தின் கணக்கைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். நீரிழிவும் கொதிப்பும் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தின் மேல் இந்த வெயிலும் விழுகிறது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

ஆகவே, வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களை வெயில் நாட்களில் பகலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே பேன் சுற்றினாலும் அது சூட்டைத்தான் சுற்றும். தண்ணீர் குடித்தார்களா என்று கேளுங்கள். பேச்சு குழறினால், தோல் சுட்டு, ஆள் தடுமாறினால், நெற்றியில் திருநீறு பூசிப் படுக்க வைக்காதீர்கள். ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்து, விசிறி, உடனே 999க்கு அழையுங்கள். கோயில் தலைவர்களிடமும் கேட்கிறேன். பங்குனியிலும் சித்திரையிலும் உச்சி வெயிலில் சின்னப் பிள்ளைகளைப் பால்குடம் தூக்க வைத்துத் தார் ரோட்டில் நடத்தாதீர்கள். புறப்பாட்டைக் காலை ஏழு மணிக்கு மாற்றினால் சாமி கோபித்துக்கொள்ளாது.

கோயிலைப் பற்றிப் பேச்சு வந்ததால் கொசுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிங்கிக் காய்ச்சல் 2019இல் நாட்டில் 1,30,101 பேரைத் தொட்டு 182 பேரைக் கொன்றது. ஏடிஸ் கொசு சாக்கடையை நம்பி வாழ்வதில்லை. அதற்கு வேண்டியது சுத்தமான தண்ணீர், ஒரு கரண்டியளவு போதும். திருவிழா முடிந்து கவிழ்க்காமல் விட்ட குடம், பந்தலுக்குப் பின்னால் எறிந்த நெகிழிக் கப்பு, உடைத்த தேங்காய் மூடி, அகல் விளக்கு, துளசி மாடத்துக்குக் கீழே வைத்த தட்டு, பழைய டயர். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள். முட்டையோ காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். சூடு கூடக் கூடக் கொசுவும் சீக்கிரம் வளர்கிறது, அதன் வயிற்றில் கிருமியும் சீக்கிரம் பெருகுகிறது.

ரப்பர் மரம் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. பால் விலை விழுந்தால் வெட்டை நிறுத்திவிட்டு மங்குகளை மரத்திலேயே விட்டுப் போய்விடுகிறோம். மழை பெய்தால் ஒவ்வொரு மங்கும் ஒரு கொசுத் தொட்டில். கேரளத்தில் ரப்பர் தோட்டங்கள் நிறைந்த மாவட்டங்களில் டிங்கியும் சிக்குன்குனியாவும் பரவியபோது இந்த மங்குகள்தான் பெரிய சிக்கலாயின. வெட்டாத நாட்களில் மங்கைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி ஊர் ஊராகப் போனார்கள். மங்கைக் கவிழ்க்க ஒரு கணம் போதும். நம் தோட்டத்துக் கொசுவிடம் கடி வாங்கப் போவது நாமல்ல, பக்கத்துத் தாமானில் விளையாடும் பிள்ளை.

கையில் இல்லாதவற்றைப் பற்றி என்ன செய்வது என்று கேட்பீர்கள். மலையை நாம் வெட்டவில்லை. உண்மை. 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் பகுதியில் ஆறு உயிர்களைக் கொண்டுபோனது. 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங், கூப்பாங் கிராமங்களில் சேறும் மரக்கட்டைகளுமாக வந்த வெள்ளத்தில் கர்ப்பிணி ஒருவர் உட்பட மூவர் மாண்டார்கள். இனாஸ் மலைக்காட்டில் முசாங் கிங் டுரியான் தோட்டத்துக்காக நிலம் திருத்தியதை மக்கள் சுட்டிக்காட்டினார்கள். வெள்ளம் வடிந்த பின்னும் அதன் கேடு போய்விடுவதில்லை. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு வீட்டைக் கழுவியவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். நனைந்த சுவரில் பூத்த பூஞ்சணம் பிள்ளைகளுக்கு இழுப்பை வரவழைக்கும். மழைச்சத்தம் கேட்டாலே தூக்கம் வராத அம்மாக்களை எந்தக் கணக்கில் எழுதுவது? வெள்ளம் வந்தால் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். அதன் பிறகு காய்ச்சல் கண்டால் கிளினிக்கில் ‘வெள்ளத்தில் நின்றேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மலையை வெட்ட அனுமதி கொடுப்பவர்கள் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள். அவர்கள் தாமானுக்கு வரும்போது ரோடு, கோயிலுக்கு மானியம், பள்ளிக்குக் கூரை என்று கேட்கிறோம். அவையும் வேண்டும்தான். மலையையும் ஆற்றையும் பற்றி ஒருவராவது கேட்டதுண்டா? கேட்டால் பலன் உண்டு என்பதற்குச் சுங்கைப்பட்டாணியே சாட்சி. 2018 ஜனவரியில் சீனா வெளிநாட்டு நெகிழிக் கழிவை வாங்குவதை நிறுத்தியதும் அந்தக் கழிவை ஏற்றிய கப்பல்கள் நம் துறைமுகங்களுக்குத் திரும்பின. சுங்கைப்பட்டாணியில் உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. இரவில் நெகிழி எரியும் நாற்றத்தில் மக்கள் தூக்கமின்றி இருமினார்கள். அவர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடவில்லை. கூடினார்கள், நேரமும் இடமும் குறித்துப் படம் எடுத்தார்கள், மனுக் கொடுத்தார்கள், செய்தியாளர்களை அழைத்தார்கள். ஆலைகள் பல மூடப்பட்டன. 2019 மேயில் அரசாங்கம் 3,000 டன் கழிவை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தது. பணக்கார நாடுகளின் குப்பைக்கே அப்படிக் கதவடைக்க முடிந்தது. மக்கள் கேட்டது அதற்கு ஒரு காரணம்.

உங்கள் பக்கத்தில் இரவில் லாரி வந்து எதையோ கொட்டினால் நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். 111 பள்ளிகளை மூட வேண்டியிருந்தது. முதலில் மயங்கி விழுந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆற்றில் இரவில் கொட்டுகிறவனைப் பார்த்தும் நமக்கேன் வம்பு என்று திரும்பிக்கொள்பவர், அந்தப் பிள்ளைகளுக்கு நேர்ந்ததில் தமக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. சுற்றுச்சூழல் துறையின் இலவச எண் 1-800-88-2727. கோயில் அறிவிப்புப் பலகையிலும், பள்ளி வாசலிலும், சாப்பாட்டுக் கடைச் சுவரிலும் இதை எழுதி ஒட்டுங்கள்.

கோயில் நிர்வாகத்தினரே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, தாமான் சங்கங்களை நடத்தும் அக்காமார்களே, உங்கள் அடுத்த கூட்டத்தில் நான்கு தீர்மானங்களை எழுதுங்கள். நம் எல்லைக்குள் குப்பைக்குத் தீ வைப்பதில்லை. வாரம் ஒரு நாள் கோயிலும் பள்ளியும் வீடும் தேங்கிய நீரைக் கவிழ்க்கும் நாள். வெயில் நாட்களில் தனியாக இருக்கும் முதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு பொறுப்பு. நம் ஆட்களிடம் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கையுறை, முகமூடி, குடிநீர், நிழல் இருக்கிறதா என்று கேட்க இருவர். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரைக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள். அடுத்த மாதம் அவரை எழுப்பி நிறுத்தி என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேறொருவரைப் போடுங்கள். வறட்சிக் காலம் தொடங்குவதற்குள் இதைச் செய்யுங்கள்.